டோகோரோ: ஊரே கர்லிங் ஆடும் ஊர்

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ தீவு. அதில் ஓகோட்ஸ்க் கடலோரம் சுமார் நாலாயிரம் பேர் வாழும் டோகோரோ. ரயில் பாதையை 1987-லேயே மூடிவிட்டார்கள். கிடாமி நகரிலிருந்து பஸ் பிடித்தேன். வெங்காயத்துக்கும் ஸ்காலப் சிப்பிக்கும் பெயர்போன வட்டாரம். நான் தேடிப் போனது கர்லிங் அரங்கை. பனித்தரையில் கனமான கல்லைச் சறுக்கவிட்டு இலக்கு வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம் அது.

2013-ல் திறந்த அந்த அரங்கில் ஆறு தடங்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் பனித்தரை நெடுகத் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டே போனார். துளிகள் உறைந்து சின்னச் சின்னக் கொப்புளங்களாக நிற்கும். 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல் அவற்றின் மேல்தான் உறுமிக்கொண்டு ஓடுகிறது. கல்லுக்கு முன்னால் ஓடும் துடைப்பக்காரர்கள் மூச்சிரைக்கப் பனியைத் தேய்ப்பது, அந்தச் சூட்டில் கல் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் நேராகப் போகட்டும் என்றுதான். டிவியில் எத்தனை முறை பார்த்தாலும் இந்த உறுமல் காதில் விழாது. நேரில் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் காரணம் யூஜி ஒகுரி என்ற உள்ளூர்க்காரர். ஹொக்கைடோவுக்கும் கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கும் இருந்த நட்புறவால் 1980-ல் இந்த ஆட்டம் இங்கே வந்தது. கல் வாங்க வழியில்லை. பீர் பீப்பாயைக் கல்லாக்கி, திறந்தவெளியில் பனியை இறுக்கித் தளம் போட்டு, ஊராரைக் கூட்டிவந்து ஆடவைத்தார் மனிதர். எட்டே வருடத்தில், 1988-ல், ஜப்பானின் முதல் உள்ளரங்கக் கர்லிங் கூடம் இங்கே எழுந்தது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பிலேயே பிள்ளைகள் கல் விடுகிறார்கள். ஒகுரியைத்தான் நான் இந்த ஊரின் பெரிய வீரர் என்பேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மாரி மோட்டோஹாஷி. வெளியூர் அணிக்காக இரண்டு ஒலிம்பிக் ஆடியவர், 2010-ல் ஊர் திரும்பி 'லோகோ சோலாரே' அணியைத் தொடங்கினார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அந்த அணி பிரிட்டனை 5-3 என்று வென்று வெண்கலம். ஜப்பானுக்குக் கர்லிங்கில் அதுதான் முதல் பதக்கம். ஊர் வரவேற்பில் அணி வீராங்கனை சினாமி யோஷிடா பேசியது எனக்கு மறக்காது: இந்த ஊரில் ஒன்றுமே இல்லை, இங்கிருந்தால் கனவு பலிக்காது என்று சின்ன வயதில் நினைத்தாராம், இங்கே இல்லாதிருந்தால்தான் பலித்திருக்காது என்று இப்போது தோன்றுகிறதாம்.

நான்கு வருடம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சட்சுகி ஃபுஜிசாவா தலைமையில் அதே அணிக்கு வெள்ளி. இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 10-3 என்று தோற்றார்கள். ஆனாலும் அதுவரை எந்த ஜப்பானிய அணியும் ஒலிம்பிக் கர்லிங் இறுதியாட்டம் வரை போனதே இல்லை.