சோர் பஜார் ஜி.ஐ.ஜோ

மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜார், மட்டன் தெருவில் ஒரு பழைய ஃபன்ஸ்கூல் கம்பெனி ஜி.ஐ.ஜோ கிடைத்தது, கை கால் அசையும் பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மை. இடுப்பு தொளதொளவென்று ஆடியது. அதைச் சரிசெய்வது சுலபம்தான். முதுகு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். உடம்பையும் காலையும் இழுத்துப் பிடிப்பது அதுதான். வயதானால் இற்றுவிடும். அதே அளவில் புது ஓ-ரிங் மாட்டியதும் ஆள் நிமிர்ந்துவிட்டார்.

பெயின்ட்தான் தலைவலி. சோப்புத் தண்ணீரில் பிசுக்கைப் போக்கி, அடிப்பூச்சாக பிரைமர் அடித்து, அப்புறம் அக்ரிலிக் பெயின்ட், மெல்லிசாக இரண்டு மூன்று கோட். மூட்டுகளில் படக்கூடாது, அசைத்தால் உரியும். தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். இந்த மழையில் ஒரு கோட் காய்வதற்குள் பொறுமை போய்விடுகிறது!

மாட்டுங்கா மாமி பார்த்துவிட்டு, "கொலுவுல வைக்கலாமேடா" என்கிறார். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கட்டும், என்ன இப்போது?