டெய்லி ஒரு சிக்கு

இந்த செம்ல ரெக்கார்டு, அசைன்மென்ட், இன்டர்னல்னு மூச்சு விட நேரமில்ல, ஆனாலும் ராத்திரி மெஸ் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் போன கவுத்துப் போட்டுட்டு பத்தே நிமிஷம் பழைய ரஃப் நோட்டுல ஒரு சிக்கு கோலம் போட்டுட்டு இருக்கேன், இன்னைக்கு 23வது நாள்.

அம்மா வாசல்ல அசால்ட்டா இழுக்குறத நமக்கு பேனால போடவே நாக்கு தள்ளுது. ஒத்த இழைனா புள்ளிய சுத்தி சுத்தி வளைச்சு கடைசில ஆரம்பிச்ச இடத்துலயே வந்து சேரணும், நடுவுல மனசு நாளைக்கு வைவா பக்கம் போச்சோ அவ்ளோதான், ஒரு புள்ளி அநாதையா நிக்கும். நேத்து நடு வரிசைல 15 புள்ளி வச்சு, ரெண்டு பக்கமும் இடைவெளில ஒவ்வொண்ணா குறைச்சு 8ல நிறுத்துற இடைப்புள்ளி ட்ரை பண்ணேன். மூணு பக்கம் கிழிச்சாச்சு.

காமெடி என்னன்னா, தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர்ல என்னைய பாடாப் படுத்துற அதே கிராமர் சமாச்சாரத்த (இங்கிலீஷ் கிராமர் இல்ல, ரூல் போட்டு குறியீடுகள கோக்குற கணக்கு) வச்சு 1970கள்லயே சென்னை கிறித்தவக் கல்லூரில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணினு பேராசிரியர்கள் எல்லாம் கோலத்த ஆராய்ச்சி பண்ணிருக்காங்க! அம்மாட்ட பெருமையா சொல்லி என் கோலத்த போட்டோ எடுத்து அனுப்பினா, "அதெல்லாம் இருக்கட்டும்டி, ஓரத்துல ஒரு புள்ளிய விட்டுட்ட பாரு"ங்குறாங்க.