மகளைக் கேட்காமல் சொல்லக் கூடாத பதில்

எங்கள் மகள் பத்து மாதக் குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தத்தெடுத்த செய்தியை நாங்கள் அவளிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. தன்னைப் பெற்றவர் யார் என்று அவளும் பலமுறை கேட்டிருக்கிறாள். சென்ற மாதம் அவள் கேட்டது வேறொரு கேள்வி. அந்த அம்மா வந்து என்னைப் பற்றி விசாரித்தால், அவர்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

நம் நாட்டுச் சட்டத்தைப் படித்தவரையில், பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைக்கும் தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் கையெழுத்திடுகிறார். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. தத்தெடுப்பு ஆணை நடைமுறைக்கு வந்த நாளில், பிறந்த குடும்பத்துடன் குழந்தைக்கு இருந்த உறவு அனைத்தும் சட்டத்தின் கண்ணில் அறுந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகள் வகுத்திருக்கும் வேர்தேடலோ, அதாவது தன்னைப் பெற்றவரைப் பற்றி அறியும் வழியோ, பிள்ளைக்கு மட்டுமானது: 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம், அதற்குக் குறைந்தவர் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தன்னைப் பற்றி வெளியிட வேண்டாம் என்று தாய் ஒப்படைக்கும்போதே சொல்லியிருந்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்ட பிறகே விவரம் தரப்படும். பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதியே இல்லை. (கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தங்களை இல்லத்தில் சேர்த்த சூழ்நிலையைத் தவிர அறிவதற்கு அதிகம் இருப்பதில்லை. அது தனித் துயரம்.)

மறைவு விரும்பும் தாயைச் சட்டம் காக்கிறது என்பதில் எனக்கு நிறைவே. திருமணத்துக்கு முன் பிள்ளை பெற்று, பிறகு வேறொரு குடும்பத்தில் வாழ்கிற பெண்ணின் வீட்டுக் கதவை முன்னறிவிப்பில்லாமல் யாரும் தட்டக் கூடாது. ஆனால் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் அறிய விரும்பும் தாய்க்கு ஒரு வரி கூடக் கிடைக்காதது எனக்கு ஒப்பவில்லை.

அதற்காக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1990இல் இயற்றிய சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். அங்கே வயதுவந்த பிள்ளைக்கும் பெற்றவருக்கும் தகவல் பெறும் உரிமை கிடைத்தது. விரும்பாதவர் தம்மைத் தொடர்புகொள்ளத் தடை பதிவு செய்யலாம், தடையை மீறுவது குற்றம் என்றது அந்தச் சட்டம். அறிவது வேறு, அணுகுவது வேறு என்று பிரித்த அந்த நுட்பத்தை மதிக்கிறேன். ஆயினும், ஒப்படைப்புப் பத்திரத்தில் தாய் எந்த நெருக்கடியில் கையெழுத்திட்டிருந்தாலும், பிள்ளை எதிலுமே கையெழுத்திடவில்லை. தன் பெயரும் விலாசமும் இன்னொருவர் கைக்குப் போவதைத் தடுக்க முடியாமல், அதன் பிறகு வருவதை மட்டும் தடுக்கலாம் என்பது அவளுக்குப் பாதி உரிமைதான்.

நியூசிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. பெற்றவர் விண்ணப்பித்தால், அரசுத் துறையே வயதுவந்த பிள்ளையைத் தேடிச் சென்று, பெயரையும் விலாசத்தையும் தரச் சம்மதமா என்று கேட்கிறது. சம்மதித்தால் மட்டுமே அவை தரப்படும். கேட்பதே ஒரு தலையீடுதான் என்பதையும் மறுக்க மாட்டேன். தான் தத்துப்பிள்ளை என்பதே தெரியாமல் வளர்ந்தவருக்கு அந்தக் கடிதம் இடியாக இறங்கும். அதற்குக் காரணம் கடிதம் எழுதிய அதிகாரி அல்லர், வீட்டில் மறைத்தவர்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மகள் பொறுமையாகக் கேட்டாள். தான் படித்துக்கொண்டிருப்பதையும் நலமாக இருப்பதையும் அந்த அம்மாவுக்குச் சொல்லலாம், ஊரையும் புகைப்படத்தையும் தரக் கூடாது என்றாள். நாளைக்கு மனம் மாறினால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு 18 வயது நிறைய இன்னும் 14 மாதங்கள் இருக்கின்றன.