ஊசி போடுறேல்லத்தானே மிஸ்

கொழும்புல எச்ஐவி கிளினிக் ஒண்டுல கவுன்சிலிங் பக்கம் இருக்கிறன். ஒருத்தருக்கு சிடி4, அதாவது எச்ஐவி தாக்கிற நோய் எதிர்ப்புச் செல்லுகள்ட எண்ணிக்கை, இறங்கினா இஞ்ச எல்லார் வாயிலயும் முதல் வாறது "குளிசை ஒழுங்கா போடேல்லயாக்கும்". கனக்க நேரம் அது சரிதான், ஐஸ் (மெத்தாம்பெட்டமைன்) அடிக்கிற பொடியன் நித்திரை இல்லாம சாப்பாடில்லாம திரியேக்க இரவுக் குளிசை ஆருக்கு ஞாபகம் வரப்போகுது. ஆனா கதை அதோட முடியிறேல்ல.

இஞ்ச குடு (ஹெரோயின்) பாவிக்கிற கனபேர் ஈயப்பேப்பர்ல சுட்டு புகையைத்தான் இழுக்கிறது. அதால "நான் ஊசி போடுறேல்லத்தானே மிஸ், பிறகென்ன" எண்டு கேப்பினம். ஊசி வைரஸ் உள்ள வாற வழி மட்டும்தான், வந்த பிறகு நடக்கிறது வேற. சும்மா கிடக்கிற சிடி4 செல்லை விட உசுப்பிவிட்ட செல்லுக்குள்ளதான் வைரஸ் நல்லா பெருகும். எச்ஐவி தொடக்கத்திலயே குடல்ல இருக்கிற சிடி4 செல்லுகளை அழிச்சு குடல் சுவரை பழுதாக்கிடும், குடுவும் மோர்பினும் ஒரே குடும்பம், மோர்பின் அந்தச் சுவரை இன்னும் கசிய விடுது எண்டு எலிகள்ல காட்டியிருக்கினம், பக்டீரியாட துண்டுகள் ரத்தத்துக்குள்ள வர ஐஎல்-6 மாதிரி அழற்சி சிக்னலுகள் ஏறும், பிறகு உடம்பு பக்கத்து வீட்டு அலாரம் மாதிரி கள்ளன் இல்லாமலே கத்திக்கொண்டிருக்கும். ஐஸ் டோபமீன் எண்ட மூளை ரசாயனத்தை கூட்டுற சாமான், கிருமியை விழுங்கிற மேக்ரோபேஜ் எண்ட எதிர்ப்புச் செல்லுகள்லயும் டோபமீனை பிடிக்கிற ரிசப்டர் இருக்கு, டோபமீன் பட்டா அதுக்குள்ள வைரஸ் சுலபமா நுழையுது எண்டு லேப்ல பாத்திருக்கினம். அமெரிக்காவில கிராக் கொக்கெய்ன் பாவிச்ச ஆக்களுக்கு, மருந்து எடுத்ததையும் கணக்கில வச்சு பாத்தாலும், சிடி4 கெதியா இறங்கியிருக்கு.

இதையெல்லாம் வாசிச்சிட்டு "முதல்ல போதையை விட்டுட்டு வா, பிறகு மருந்து" எண்டு சொல்ற ஆக்கள் இருக்கினம், எனக்கு கோபம்தான் வரும். அழற்சி கூடினவனுக்குத்தானே மருந்து இன்னும் அவசரம்? சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடன தொடங்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பு 2015லயே சொல்லிட்டுது. போதை பாவிக்கிறவரும் குளிசையை விடாம போட்டா வைரஸ் அடங்கும், போதையை விடுற வேலையை பக்கத்தில வச்சு செய்யலாம்.

ஒரு தம்பி கேட்டார், "ஐஸ் அடிச்ச நாளிலயும் போடலாமா மிஸ்?"

"அண்டைக்குத்தான் கட்டாயம் போடோணும்."

அவருக்கு டொக்டர்ட்ட கேட்டு இரவுக் குளிசையை காலமைக்கு மாத்தினம். அம்மாவுக்கு விஷயம் தெரியும், தன்ர பிரஷர் குளிசையோட சேத்து அவவே எடுத்துக் குடுக்கிறா.