ஜிஹெச்சியில் ஒரு பிரிம்ஆப் சேர்த்த கதை

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியின் கம்பைலரான ஜிஹெச்சியில் சொந்தமாக ஒரு பிரிம்ஆப் (கம்பைலருக்குள்ளேயே இருக்கும் அடிப்படைச் செயல்) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. என் லேப்டாப்பில் இருக்கும் பிரதியில்தான், யாருக்கும் அனுப்ப அல்ல. எடுத்துக்கொண்டது மேல்நோக்கி முழுமையாக்கும் வகுத்தல்: 7-ஐ 2-ஆல் வகுத்தால் 4. சீல்டிவ்# என்று பெயர் வைத்தேன். இதை லைப்ரரியிலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம், பழகத்தானே!

பிரிம்ஆப்கள் எல்லாம் ஒரே டெக்ஸ்ட் கோப்பில் இருக்கின்றன; பெயர், டைப், நெளி அடைப்புக்குள் விளக்கம், கீழே சில பண்புகள். அதைப் படித்து ஒரு சின்னக் கருவி கம்பைலருக்கு வேண்டிய பட்டியலையும் ஜிஹெச்சி.பிரிம் மாட்யூலின் ஆவணத்தையும் சேர்த்தே உண்டாக்குகிறது. அந்த மாட்யூலுக்கு உண்மையில் சோர்ஸே கிடையாது, ஆவணத்துக்காக மட்டும் ஒரு பொய்க் கோப்பு. நியூபைட்அரே# போன்ற பெரிய ஆட்களை ரன்டைமில் சிஎம்எம் என்ற சி மாதிரியான கீழ்நிலை மொழியில் கையால் எழுதியிருக்கிறார்கள். என்னுடையது, அழைக்கும் இடத்திலேயே நேராக இன்லைனில் போவதால் சில வரிகளோடு முடிந்தது.

ஆப்டிமைஸ் செய்யாமல் ஓட்டினால் சரியாக வந்தது. ஆப்டிமைஸ் செய்யச் சொல்லும் -ஓ2 போட்டதும் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸப்ஷன்' என்று செத்தது. நான் போட்டது முழு எண் வகுத்தல், ஃப்ளோட்டிங் பாயின்ட் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் முழித்தேன். லினக்ஸில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் அந்தப் பெயரில்தான் சிக்னல் வருமாம். ஆனால் என் சோதனை நிரலின் லூப்புக்குள் வகுக்கும் முன் பூஜ்யமா என்று பார்த்துவிட்டுத்தானே போகிறேன்? கோர் என்ற கம்பைலரின் இடைநிலை வடிவத்தை அச்சிட்டுப் பார்த்தால், வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் எந்தச் சுற்றிலும் மாறாது என்பதால் வகுத்தலைத் தூக்கி லூப்புக்கு மேலே வைத்திருக்கிறது, பூஜ்யச் சோதனை மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கம்பைலர் மேல் தப்பில்லை. 'எஃபெக்ட்' பண்பை நான் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் 'விளைவு எதுவும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்' என்று அர்த்தம். 'கேன்ஃபெயில்' (தோற்கலாம்) என்று ஒரு சொல் சேர்த்து, திரும்ப பில்ட் போட்டு (டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது) பார்த்தபோது வகுத்தல் தன் இடத்திலேயே நின்றது.

அப்புறம்தான் விளக்கத்துக்கு வந்தேன். முதலில் எழுதியது 'மேல்நோக்கி வகுக்கும்', அவ்வளவுதான். பக்கத்தில், பிட்களை இடப்பக்கம் நகர்த்தும் அன்செக்ட்ஷிஃப்ட்எல்# விளக்கத்தைப் பார்த்தால், நகர்த்தும் அளவு 0 முதல் வேர்ட் (இயந்திரச் சொல்) பிட் அளவில் ஒன்று குறைய என்ற எல்லையைத் தாண்டினால் விடைக்கு உத்தரவாதமில்லை என்று நறுக்கென்று இருக்கிறது. அதே மாதிரி என்னுடையதற்கும் எல்லை எழுத உட்கார்ந்தபோதுதான், நான் போட்டிருந்த (அ + ஆ - 1) / ஆ பெரிய எண்களில் ஓவர்ஃப்ளோ ஆகும் (கூட்டல் எண்ணின் எல்லையைத் தாண்டிவிடும்) என்பதே உறைத்தது. ஈவும் மீதியும் தனித்தனியாக எடுத்து, மீதி இருந்தால் ஒன்று கூட்டும்படி மாற்றி எழுதினேன். எதிர்ம எண்களுக்கு என்ன செய்வதென்று யோசிக்கப் பொறுமையில்லை, 'இரண்டும் 0-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும்' என்று விளக்கத்தில் எழுதிவிட்டேன்.