தெரபிஸ்ட் அறையில் முதல் சில வாரங்கள்

தெரபிக்கு, அதாவது பேச்சு வழியாகத் தரும் மனநலச் சிகிச்சைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உள்ளே போய் என்ன பேசுவது?" என்றுதான். எதையும் தயார் செய்துகொண்டு போக வேண்டியதில்லை. முதல் நாள் பேச்சை நடத்திக்கொண்டு போவது தெரபிஸ்டின் பொறுப்பு. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். சொல்ல மனம் வராத கேள்விக்கு "இதை அப்புறம் பேசலாமா?" என்று கேட்டால் நல்ல தெரபிஸ்ட் வற்புறுத்த மாட்டார். ஆனால் ஒன்று மட்டும் போகும்போதே தெரிந்திருந்தால் பெரிய உதவி. தெரபி நமக்கு எப்படிப் போகிறது, எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது என்பதையும் அவரிடமே சொல்லலாம். எனக்கு உண்மையான மாற்றம் தொடங்கியது அப்படிச் சொன்ன பிறகுதான்.

நான் போனதற்குக் காரணம் தூக்கம். நடு ராத்திரியில் விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், அப்புறம் விடியும்வரை கண் மூடாது. முதலில் பொது மருத்துவரைத்தான் பார்த்தேன். தைராய்டு, ரத்தசோகை, இதயம் எல்லாம் பரிசோதித்துவிட்டு, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, ஒரு உளவியலாளரைப் பாருங்கள் என்றார். இந்த வரிசையில் போனது நல்லது என்றே நினைக்கிறேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்து பயனில்லை.

யாரிடம் போவது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். உளவியலாளரும் கவுன்சலரும் பெரும்பாலும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன் ஒரு உளவியலாளரிடம் போனில் சில கேள்விகள் கேட்டேன். என்ன படித்திருக்கிறீர்கள், பதற்றமும் தூக்கமின்மையும் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள், வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நிதானமாகப் பதில் சொன்ன விதமே பாதி நம்பிக்கையைத் தந்துவிட்டது.

முதல் செஷனில் நாற்காலியில் உட்கார்ந்ததும் ரகசியம் காப்பது பற்றித்தான் பேச்சு தொடங்கியது. இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் சில விதிவிலக்குகள் உண்டு என்றார். என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ கடுமையான ஆபத்து இருந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால் அவர் வெளியே சொல்ல வேண்டி வரலாம். இதன் விவரங்கள் நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும், அதனால் உங்கள் தெரபிஸ்டிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம், என் பெயரைச் சொல்லாமல், ஆலோசனை கேட்பதுண்டு என்பதையும் அவரே சொன்னார். குடும்பத்தில் யாராவது போன் செய்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்டேன். "நீங்கள் இங்கே வருகிறீர்கள் என்பதைக்கூட உங்கள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன்" என்றார். அதுவரை இறுகிப்போயிருந்த தோள்கள் அப்போதுதான் இறங்கின.

பிறகு இரண்டு படிவங்கள். ஒன்று மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9, மற்றது பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7. உலகெங்கும் பல இடங்களில் இவைதான் பயன்படுகின்றன, அதனால் நீங்களும் பார்க்க வாய்ப்பு அதிகம். கடந்த இரண்டு வாரங்களில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொரு கேள்வியும் கேட்கும். "இல்லவே இல்லை" என்றால் 0, "ஏறக்குறைய தினமும்" என்றால் 3. முதல் படிவத்தில் அதிகபட்சம் 27, இரண்டாவதில் 21. இந்த எண்ணை வைத்து மட்டும் யாரும் நோயை முடிவு செய்வதில்லை. சில வாரம் கழித்து மறுபடி நிரப்பும்போது எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று பார்க்க உதவும்.

அந்த முதல் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செத்துவிட்டால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. விடியற்காலையில் சில நாள் "எழுந்திருக்காமலே போனால் நல்லது" என்று தோன்றியிருந்தது. அதைக் குறித்தால் உடனே வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ, எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் பேனா அங்கேயே நின்றது. கடைசியில் "சில நாட்கள்" என்பதில் குறித்தேன்.

அவர் படிவத்தைப் பார்த்தார், குரல் மாறவில்லை. "இதைக் குறித்ததற்கு நன்றி, இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" என்றார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, அதற்கான எதையாவது எடுத்து வைத்ததுண்டா, வரும்போது எது உங்களைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாழ்வு அலுத்துப்போய் வரும் எண்ணத்துக்கும், திட்டத்தோடு வரும் எண்ணத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் அளந்து பார்க்கிறார் என்று புரிந்தது. அதன்பின் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். எண்ணம் தலைதூக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி எது, அப்போது நானே செய்யக்கூடியது எது, யாரோடு இருக்கலாம், யாரிடம் வெளிப்படையாக உதவி கேட்கலாம், எந்த மருத்துவ உதவியை அழைப்பது, வீட்டில் எதை எட்டாத இடத்துக்கு மாற்றுவது. அவ்வளவுதான். யாருக்கும் போன் போகவில்லை. பயந்து அந்தக் கேள்வியில் 0 போடுபவர்கள் நிறைய இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து உண்மையைக் குறியுங்கள். அந்த எண்ணம் இப்போதே தீவிரமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிவரை காத்திருக்க வேண்டாம். அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மீதி நேரம் குடும்பம், வேலை, பழைய நோய்கள், மருந்து, குடிப்பழக்கம் என்று கேள்விகளாகவே போனது. ஒரு செஷன் பொதுவாக 45 முதல் 50 நிமிடம்தான். முதல் நாளில் எதுவும் தீர்ந்துவிடாது. தீர்வை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அன்று ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அன்றைய முக்கியமான கேள்வி, "சில மாதம் கழித்து எது மாறியிருந்தால் இங்கே வந்ததற்குப் பலன் கிடைத்தது என்பீர்கள்?" என்பதுதான். ராத்திரி விழித்துக்கொண்டால் பயப்படாமல் இருக்க வேண்டும் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் உடம்பெல்லாம் அசதி. முடிந்தால் செஷனுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் பின்பற்றியது சிபிடி (காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்துப் பார்த்து மாற்றும் வழி இது. 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வளர்த்தெடுத்தது. இதில் வீட்டுப்பாடம் உண்டு. ஒரு நாள் மேலதிகாரியிடமிருந்து "நாளை பேச வேண்டும்" என்று ஒரு வரி வந்தது. அதை நோட்டில் எழுதினேன். மனதில் ஓடியது: வேலை போகப்போகிறது. பயம் 100க்கு 90. இதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் அகப்படவில்லை. எதிராக என்ற கட்டத்தில், போன மாதமும் இப்படித்தான் கூப்பிட்டார், விடுமுறைப் பட்டியல் பற்றிப் பேசினார் என்று எழுதினேன். மறுபடி அளந்தால் பயம் 50. பூஜ்யம் ஆகவில்லை, ஆனால் அன்று ராத்திரி படுக்க முடிந்தது.

தூக்கத்துக்கென்றே இதே முறையில் தனிப் பயிற்சி இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக இதைத்தான் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்துவிட வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும், எப்போது தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஆரம்பத்தில் இது பகலை வாட்டி எடுத்துவிடும். அதை முன்கூட்டியே அவர் சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு செஷன் முழுக்க என் அப்பாவைப் பற்றியே போய்விட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த வாரம் போகவே பிடிக்கவில்லை. போய், "போன வாரம் பேசியது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, தூக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, வேகமாகப் போய்விட்டதாக ஒத்துக்கொண்டார். ராத்திரி வரும் பயங்களில் அப்பா குரல் திரும்பத் திரும்ப வந்ததால்தான் கேட்டேன் என்று விளக்கினார். இனி எப்படிப் போகலாம் என்பதை நானே தீர்மானிக்கச் சொன்னார். பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசியே பழக்கமில்லாத எனக்கு, மறுத்தும் உறவு முறியாமல் இருந்தது புதிது. 1979இல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர், சிகிச்சையில் இருவருக்கும் இடையே மூன்று விஷயங்கள் வேண்டும் என்று எழுதினார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலைகளில் உடன்பாடு, அப்புறம் பிணைப்பு. அன்றைக்கு எங்களுக்குள் இரண்டாவது நழுவியிருந்தது, பேசியதால் திரும்பி வந்தது.

கஷ்டமாக இருப்பது வேறு, தவறாக நடத்தப்படுவது வேறு. உங்களைக் கேவலமாகப் பேசினால், தன் மத நம்பிக்கையைத் திணித்தால், மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் சொன்னால், நட்பு, காதல் என்று வேறு உறவுக்கு இழுத்தால் அங்கே பேசிச் சரிசெய்ய எதுவும் இல்லை. உடனே வெளியேறுங்கள், புகார் செய்ய வழியிருந்தால் செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், சில செஷன் போயும் ஒட்டவே இல்லை என்றாலும் ஆளை மாற்றலாம். "வேறொருவரைப் பரிந்துரைக்க முடியுமா?" என்று அவரிடமே கேட்கலாம், இது அவர்களுக்குப் பழக்கமான கேள்விதான்.

சிபிடி பொதுவாக 6 முதல் 20 செஷன்வரை போகும் என்பார்கள். எனக்கு முதலில் வாரம் ஒருமுறை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளி கூடியது. நிறுத்த நினைத்தால் சொல்லாமல் நின்றுவிடாமல் ஒரு செஷனாவது அதற்கென்று போங்கள். எங்கள் கடைசிச் சந்திப்பில் அந்த இரண்டு படிவங்களையும் மறுபடி நிரப்பினேன். இந்தப் பிரச்சினை திரும்ப வந்தால் முதலில் எந்த அறிகுறி தெரியும், எந்தக் கட்டத்தில் அவரை அழைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். தொடர்ந்து மூன்று ராத்திரி விழிப்பு வந்து, நோட்டில் எழுதியும் அடங்காவிட்டால் அழைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.