அவில் ஆம்புலை ட்ரேயிலிருந்து எடுக்க ஒன்பது மாதம்

2021 தொடக்கத்தில் ஒரு ராத்திரி, பதினொன்றே கால் இருக்கும். மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கால் முழங்கால்வரை வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு. சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்தோம். உறையவில்லை. ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற கண்ணாடி விரியனாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் அலர்ஜிக்குப் போடுகிற அவிலையும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனையும் சிரிஞ்சில் ஏற்றிவிட்டார். விஷமுறிவு மருந்தே சிலருக்கு அலர்ஜியைக் கிளப்பிவிடும். அது ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க, நானும் வழக்கப்படி அதில் துளியூண்டு எடுத்து முன்கையில் டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடித்துவிட்டு அந்த மாதம்தான் சேர்ந்திருந்த டூட்டி டாக்டர் பெண், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “சார், டெஸ்ட் டோஸ் எதுக்கு? ரியாக்‌ஷன் வருமா வராதான்னு அது சொல்லாதுன்னு படிச்சோமே.”

“இங்க இப்படித்தான்மா” என்றேன். பதில் அவ்வளவுதான் இருந்தது என்னிடம்.

நோயாளி பிழைத்துவிட்டார். விஷமுறிவு மருந்து முதலில் பத்து குப்பி, அப்புறம் இன்னும் பத்து, ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். சிக்கலே அதுதான். காஷுவாலிட்டியில் நாம் கொஞ்சம் பிசகாகச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுவார்கள். அதனால் பிசகு கண்ணில் படவே படாது. நான் எம்பிபிஎஸ் முடித்தது 2004இல். பதினேழு ஆண்டுகளாக என் கை 2004இலேயே நின்றுகொண்டிருந்தது.

எங்களுடையது ஈரோடு பக்கம் முப்பது படுக்கை மருத்துவமனை. காஷுவாலிட்டிக்கு நான்கு டாக்டர், ஷிப்டுக்கு இரண்டு சிஸ்டர். எல்லாரையும் அப்டேட்டாக வைக்க வேண்டும் என்று வீராப்பாக நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். முதல் மூன்று மாதம் செய்தது எல்லாம் வீண்.

வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கிக் கண்ணில் பட்ட பிடிஎஃப் எல்லாம் போட்டேன். கட்டை விரல் தூக்கிக் காட்டுவார்கள், திறக்க மாட்டார்கள். நானே பாதியைத் திறக்கவில்லை. பிறகு சுவரில் லேமினேட் செய்த சார்ட் ஒட்டினேன். ஒரே வாரத்தில் அதன்மேல் கேன்டீன் நம்பர் எழுதிய தாளை யாரோ ஒட்டிவிட்டார்கள். சிஎம்இ கூட்டங்களுக்கும் போனோம். ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதியிலேயே இருக்கிறது. மணி நேரம் சேர்ந்தது, பிரியாணி நன்றாக இருந்தது. ஆனால் அங்கே பேசப்பட்டதில் எங்கள் ராத்திரி டூட்டிக்கு ஆகிற விஷயம் குறைவு.

மெடிக்கல் ரெப் கொண்டுவருகிற தாள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புது ஆன்டிபயாட்டிக் வந்தால் ஆறு வண்ணத்தில் அச்சடித்து மேஜைக்கே வந்துவிடும். ‘அவில் போடாதே’ என்று ஒரு ஆராய்ச்சி வந்தால் அதை யார் கொண்டுவருவார்கள்? எதையாவது நிறுத்தச் சொல்லும் செய்திக்கு ரெப் கிடையாது. இது உறைத்த பிறகுதான் என் வேலை எது என்றே புரிந்தது.

அந்தப் பாம்புக்கடி கேஸிலிருந்தே தொடங்கினேன். இலங்கையில் நடந்த ஒரு ஆய்வு 2011இலேயே வெளியாகியிருக்கிறது. பாம்புக்கடி நோயாளிகள் 1007 பேர். விஷமுறிவு மருந்துக்கு முன்னால் குறைந்த அளவு அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன், அவில் வகையைச் சேர்ந்த ப்ரோமெத்தசின் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். தோலுக்கடியில் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் போட்டவர்களுக்குக் கடுமையான ரியாக்‌ஷன் முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. மற்ற இரண்டாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினால் கிடைத்த நன்மையும் போய்விட்டது. நாங்கள் பயனில்லாத இரண்டையும் பக்தியோடு போட்டு, பயனுள்ள ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்தோம்.

எங்கள் சீஃப் டாக்டரிடம் கொண்டுபோனேன். எழுபது வயது, ஊருக்கே கைராசிக்காரர். “தம்பி, முப்பது வருஷமா கொடுக்கறேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றார். வாதாடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன்: இலங்கையில் போடுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, நம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடிக்கிற பாம்புகளிலிருந்து போகிறது. அதே மருந்து, அதே விரியன், நம்மைப் போலவே வயலில் கடிபட்ட மக்கள். அமெரிக்க ஆராய்ச்சி என்றால் ‘அவங்க உடம்பு வேற’ என்று தள்ளியிருப்பார். இதைத் தள்ள முடியவில்லை. “வயசானவங்க, ஹார்ட் கேஸ்னா அட்ரினலின் பார்த்துப் போடு” என்று மட்டும் சொன்னார். அது சரியான எச்சரிக்கைதான், எழுதி வைத்துக்கொண்டோம்.

சீஃப் ஒத்துக்கொண்ட பிறகும் அவில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அடுத்த இரண்டு கடிக்கும் சிஸ்டர்கள் சிரிஞ்சோடு தயாராக நின்றார்கள். ‘பாம்பு’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகப் போகிறது. இன்சார்ஜ் சிஸ்டர்தான் வழி சொன்னார்: “சார், நீங்க டாக்டருங்களுக்கே பாடம் எடுத்துட்டு இருக்கீங்க. ட்ரேல மருந்து இருந்தா நாங்க எடுக்கத்தான் செய்வோம். ட்ரேய மாத்துங்க.” என் மூன்று மாதப் படிப்பை அந்த அம்மா மூன்று வாக்கியத்தில் தாண்டிவிட்டார்.

பாம்புக்கடிக்கென்று தனியாக ஒரு சிவப்பு ட்ரே வைத்தோம். விஷமுறிவு மருந்து, அளவு எழுதிய சீட்டோடு அட்ரினலின், கண்ணாடிக் குழாய், டைமர். டெஸ்ட் டோஸ் சிரிஞ்சும் ஹைட்ரோகார்ட்டிசோனும் கிடையாது, அவில் எட்டாத அலமாரியில். அந்த ராத்திரியிலிருந்து இதற்கு ஒன்பது மாதம் ஆனது.

அதன்பின் முறை ஓரளவு பிடிபட்டது. காலை எட்டு மணிக்கு டூட்டி மாறும்போது பத்து நிமிடம், வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. கேள்வி ராத்திரி வந்த கேஸிலிருந்து வர வேண்டும், மருத்துவ இதழிலிருந்து அல்ல. யார் கேட்டாரோ அவரே தேடிவர வேண்டும். கடைசியில் ‘ட்ரேயில் என்ன மாறும், கேஸ் ஷீட்டில் என்ன மாறும்’ என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி எழுத முடியாவிட்டால் அது சுவாரசியமான விஷயம், அவ்வளவுதான். டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

நாய்க்கடி இப்படித்தான் மாறியது. ரேபிஸ் கிருமியை உடனே தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியைக் காயத்தில் கொஞ்சம் போட்டுவிட்டு மிச்சத்தைத் தொடையில் குத்துவது எங்கள் பழக்கம். 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது வேறு: காயத்துக்குள்ளும் சுற்றிலும் முடிந்த அளவு போடு, தூரத்தில் போடுவதால் பெரிதாகப் பயனில்லை. நெஞ்சு வலி என்றதும் மாட்டுகிற ஆக்சிஜனும் நின்றது. ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதனால் லாபமில்லை என்று 2017இல் வந்த சுவீடன் ஆய்வு ஒன்று போதுமானதாக இருந்தது. சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். “ஏனுங் சார், ஆக்சிஜன்கூட வெக்கலீங்களா?”

ஒரு இடத்தில் நன்றாகச் சறுக்கினேன். ரத்த வாந்தியோடு வருகிறவர்களுக்கு, ரத்தக்கசிவை நிறுத்தப் போடுகிற ட்ரானெக்சாமிக் ஆசிட் போட்டுக்கொண்டிருந்தோம். 2020இல் வெளியான ஹால்ட்-ஐடி ஆய்வில் 12,009 பேர். இரைப்பை, குடல் ரத்தக்கசிவில் அது உயிரைக் காக்கவில்லை, ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து கட்டுவதுதான் கூடியது. சரி, புது முறை இருக்கிறதே என்று அந்த வாரமே எமர்ஜென்சி ட்ரேயிலிருந்து எடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து பைக் விபத்து, தொடை எலும்பு முறிந்து ரத்தம் கொட்டுகிறது. நான் டூட்டியில் இல்லை. இருந்த டாக்டர் ட்ரேயைப் பார்த்தார், மருந்து இல்லை. ‘நிறுத்திட்டாங்க’ என்று விட்டுவிட்டார். விபத்துக் காயத்துக்கு அந்த மருந்து உயிர் காக்கும் என்று 2010லேயே க்ராஷ்-2 ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடப் போட நல்லது. நல்லவேளை, இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சந்தேகம் வந்து எனக்குப் போன் செய்தார். கீழே பார்மசியிலிருந்து ஓடிப்போய் எடுத்து வந்து, கடிகாரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தபோது முதல் கிராம் ஏறியது.

அன்று வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மருந்தை எடுத்தேன், எந்த நோய்க்கு எடுத்தேன் என்று எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அட்டை உண்டு: எதற்கு நிறுத்தினோம், எதற்கு நிறுத்தவில்லை, என்றைக்குத் திரும்பப் பார்க்க வேண்டும். தேதி தாண்டிய அட்டையை யார் பார்த்தாலும் என் மேஜையில் வைக்கலாம். வைக்கிறார்கள், அதில் அவர்களுக்குத் தனி சந்தோஷம்.

கடைசியாக மாறிய அட்டை, தொண்டையில் உணவு அடைத்துக்கொள்வதற்கானது. பெரியவர்களுக்கும் முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம், இப்படி மாற்றி மாற்றி என்று அமெரிக்க இதய சங்கம் 2025 அக்டோபரில் சொன்னது. அதுவரை நாங்கள் நேராக வயிற்றுக்குத்தான் போவோம். காலை எட்டு மணிக்கு வாட்ச்மேனை நடுவில் நிறுத்திச் சிஸ்டர்கள் பழகிப் பார்த்தார்கள், நிஜமாக அழுத்தாமல்தான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் எப்படித் தட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“எங்க அம்மிச்சி அப்பவே இப்படித்தானுங்க அடிக்கும். இதுக்கு இத்தனை வருசமாச்சுங்களா சார்?”

அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்த இன்சார்ஜ் சிஸ்டர் சிரித்த சிரிப்பில் பேனா கோடு கோணலாகப் போய்விட்டது. அப்படியே ஒட்டியிருக்கிறோம்.